கேள்வி நேரம்: ஈஸ்டர் கார்ட்டூனைப் பிள்ளைகளோடு பார்க்கும்போது

கேள்வி: 1974-இல் வந்த 'இட்ஸ் தி ஈஸ்டர் பீகிள், சார்லி பிரௌன்' படத்தை என் 6 வயது மகளுக்குக் காட்ட நினைக்கிறேன். அதில் இயேசுவைப் பற்றிப் பேச்சே இல்லையாமே? – ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: தாராளமாகக் காட்டுங்கள். ஆனால் ஞாயிறு பள்ளிப் பாடத்துக்குப் பதிலாக வேண்டாம். இதை எழுதிய சித்திரக்கதை ஆசிரியர் சார்ல்ஸ் ஷூல்ஸின் 1965 கிறிஸ்துமஸ் படத்தில், சார்லி பிரௌனின் நண்பன் லைனஸ் மேடையேறி லூக்கா 2-ஆம் அதிகார வசனங்களைச் சொல்கிறான். ஈஸ்டர் படத்தில் அப்படி ஓர் இடம் கிடையாது. உயிர்த்தெழுதலைப் படம் போடுவதற்கு முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள்.

நிறுத்திப் பேச வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது, மார்சி என்ற சிறுமி. முட்டைக்கு வண்ணம் பூசும் வழக்கமே அவளுக்குத் தெரியாது. அவள் தோழி பெப்பர்மின்ட் பேட்டி கற்றுத்தர வருகிறாள்; மார்சியோ முட்டைகளைப் பொரித்துவிடுகிறாள். வேகவைக்கணும் என்றதும் ஓட்டை உடைத்துப் பானையில் ஊற்றி சூப் ஆக்குகிறாள். ஓட்டோடு வேகவைக்க வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை! "பேட்டி எதைச் சொல்லாம விட்டா?" என்று மகளிடம் கேளுங்கள். வேறு வீட்டுப் பண்டிகைக்குப் போகும் பிள்ளையின் நிலையும் இதுதான். மார்சியை மக்குப் பெண்ணாகப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக விடாதீர்கள்.

இரண்டாவது, ஸ்னூப்பி. சார்லி பிரௌனின் நாய்; தலைப்பில் வரும் 'பீகிள்' (ஒரு நாய் இனம்) இவன்தான். லைனஸின் அக்கா லூசி, தானே கண்டெடுப்பதற்காகத் தன் முட்டைகளை ஒளித்து வைக்கிறாள். பின்னாலேயே வந்து பொறுக்கிக்கொள்ளும் ஸ்னூப்பி, ஊருக்கெல்லாம் வாரி வழங்குகிறான். லூசிக்குக் கிடைப்பது அவளுடைய முட்டையே. சார்லி பிரௌனிடம் வரும்போது கூடை காலி. அடுத்தவர் பொருளை எடுத்துத் தானம் செய்வது சரியா என்று பிள்ளை கேட்டால், மழுப்பாமல் "சரியில்லை" என்றே சொல்லுங்கள். படம் இதைச் சிரித்துக் கடந்துவிடுகிறது. நல்லொழுக்கம் என்று பார்த்தால் அதன் பலவீனமான இடம் இதுதான்.

கேள்வி: இந்த வகைப் படங்களில் எல்லா இனப் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுகொள்வது? – ஓர் ஆசிரியர், திருச்சி

பதில்: முகங்களை எண்ணினால் ஏமாந்துவிடுவீர்கள். இதே சார்லி பிரௌன் குழுவின் கறுப்பினப் பையன் ஃபிராங்க்ளினையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு, கறுப்பினப் பிள்ளை ஒன்றையும் சேர்க்கும்படி ஹாரியட் கிளிக்மன் என்ற ஆசிரியை ஷூல்ஸுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். 1968 ஜூலை 31 அன்று ஃபிராங்க்ளின் பத்திரிகைச் சித்திரத்தில் வந்தான். ஆனால் அமெரிக்கர்களின் நன்றி நவிலல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) பற்றிய 1973 படத்தில், விருந்து மேசையின் ஒரு பக்கம் முழுக்க அவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். 2024-இல் வந்த ஃபிராங்க்ளின் படம் அந்த மேசைக் காட்சியைத் திருத்தியது.

ஒரு காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிடுங்கள். யார் யார் பக்கத்தில் இருக்கிறார்கள், யார் ஓரத்தில் என்று பாருங்கள். பிறகு சத்தத்தோடு: யோசனை சொல்வது யார், "ஆமாம்" மட்டும் சொல்வது யார்? ஒரு பாத்திரத்தை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நகர்ந்தால், அது ஒப்புக்குச் சேர்த்தது.

கேள்வி: படம் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் முட்டைக்கு வண்ணம் பூசக் கேட்கிறார்கள். நிறம் ஒட்டுவதில்லையே? – ஒரு வாசகி, சென்னை

பதில்: வினிகர் சேர்த்தீர்களா? அந்தப் புளிப்பு இருந்தால்தான் உணவுக் கலர் ஓட்டில் பிடிக்கும். அரை கப் வெந்நீருக்கு 1 டீஸ்பூன் வினிகர், 10 முதல் 20 துளி கலர். முட்டை 5 நிமிடம் ஊறட்டும். வெள்ளை முட்டையே வாங்குங்கள், பழுப்பு ஓட்டில் நிறம் மங்கும். எண்ணெய்க் கை பட்டால் திட்டுத்திட்டாகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேரே கொதிநீரில் போட்டால் ஓடு விரியும். பச்சைத் தண்ணீரில் வைத்துச் சூடாக்கி, கொதி வந்தபின் 10 நிமிடம் விடுங்கள். சாப்பிடப் போகிற முட்டையை ஏப்ரல் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.