'டர்ன் ஆஃப் இட்' ஏன் தப்பு?

கேள்வி: அலுவலகத்தில் 'டர்ன் ஆஃப் இட்' என்றேன். 'டர்ன் இட் ஆஃப்' என்று திருத்தினார்கள். அதே போல 'லுக் இட் ஆஃப்டர்' என்று மெயிலில் எழுதினால் அதுவும் தப்பாம். கோச்சிங் சென்டரில் கொடுத்த 500 ஃப்ரேசல் வெர்ப்களும் (வினையோடு 'ஆஃப்', 'அப்' போன்ற சிறு சொல் சேர்ந்து வரும் தொடர்கள்) மனப்பாடம். 'இட்'டை எப்போது நடுவில் வைப்பது, எப்போது கடைசியில் வைப்பது?

பதில்: உங்கள் மனப்பாடத்தில் குறையில்லை. கொடுத்த பட்டியல்தான் அரைகுறை.

'டர்ன் ஆஃப்'பில் வரும் 'ஆஃப்' வினையின் ஒரு பாதி. 'அணைத்துவிடு'வில் 'விடு' போல. 'லுக் ஆஃப்டர்' அப்படியில்லை. அதில் 'ஆஃப்டர்' ஒரு ப்ரிபொசிஷன். நம் வேற்றுமை உருபு போலப் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நமக்கு உருபு பெயருக்குப் பின்னால், அவர்களுக்கு முன்னால். அதனால் 'லுக் ஆஃப்டர் ஹெர்' மட்டுமே சரி.

'ஆஃப்' வகையில் முழுப் பெயர் வந்தால் கவலையில்லை: 'டர்ன் ஆஃப் த ஃபேன்', 'டர்ன் த ஃபேன் ஆஃப்' இரண்டும் சரி. இட், ஹிம், தெம் வந்தால் மட்டும் நடுவில்தான்.

எது எந்த வகை என்று காதே சொல்லும். 'பிக் இட் அப்' என்னும்போது அழுத்தம் 'அப்' மேல் விழும். 'வெயிட் ஃபார் மீ'யில் 'ஃபார்' பாதி விழுங்கப்படும். சந்தேகம் வந்தால் கேம்பிரிட்ஜ் இணைய அகராதியைப் பாருங்கள், இலவசம்தான். 'டர்ன் சம்திங் ஆஃப்' என்று நடுவில் இடம்விட்டும், 'லுக் ஆஃப்டர் சம்ஒன்' என்று கடைசியில் வைத்தும் தலைப்பிலேயே காட்டியிருப்பார்கள். இதைப் பார்க்கச் சொல்லிக்கொடுக்காமல், கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லியே பள்ளிப் படிப்பை முடித்துவிடுகிறார்கள்.

ஒரு சிக்கலை மட்டும் நிதானமாகக் கவனியுங்கள். 'டர்ன் ஆன்' இரண்டு வகையிலும் வரும். 'டர்ன் இட் ஆன்' என்றால் சுவிட்சைப் போடு. 'த டாக் டர்ன்ட் ஆன் ஹிம்' என்றால் நாய் அவன் மேலேயே பாய்ந்துவிட்டது. முதலாவதில் 'ஆன்' வினையோடு சேர்ந்தது. இரண்டாவதில் 'அவன் மேல்' என்பதன் 'மேல்'. 'சீ இட் த்ரூ' என்றால் வேலையை விடாமல் முடிப்பது. 'சீ த்ரூ ஹிம்' என்றால் அவன் வேஷத்தைக் கண்டுகொள்வது. சொற்கள் அதேதான், இடம் மாறினால் பொருளே மாறுகிறது. ஆகவே 'டர்ன் ஆன் = இயக்கு' என்று ஒற்றை வரியில் படித்தது உதவாது.

'30 நாளில் சரளமான ஆங்கிலம்' என்று பணம் கேட்பவர்களிடம், கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "பிக் அப் நடுவில் 'ஹிம்' வருகிறது, வெயிட் ஃபார் நடுவில் ஏன் வருவதில்லை?" "பேசப் பேச வந்துவிடும்" என்று பதில் வந்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மூன்று சொல் சேர்ந்தால் கடைசிச் சொல் ப்ரிபொசிஷன்; பெரும்பாலும் 'இட்' அதற்குப் பிறகுதான்: 'புட் அப் வித் இட்', 'ரன் அவுட் ஆஃப் இட்' (இந்த 'ஆஃப்' of; 'டர்ன் ஆஃப்'பில் வரும் off அல்ல). 'லுக் ஃபார்வர்ட் டு'வில் 'டு'வும் ப்ரிபொசிஷனே. அதனால் 'டு மீட்' அல்ல, 'டு மீட்டிங் யூ'.

மெயிலில் சமாளிப்பதற்கு 'கோப் (cope) அப் வித்' என்று எழுதும் பழக்கம் இருந்தால் 'அப்'பை வெட்டுங்கள். 'கேட்ச் அப் வித்', 'கீப் அப் வித்' பார்த்து ஒட்டிக்கொண்டது அது. 'கோப் வித்' மட்டுமே சரி.