ஷாம்பிள்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அலங்கோலம் என்ற பொருள் எப்படி வந்தது?

வீடோ வேலையோ தாறுமாறாகக் கிடந்தால் ஆங்கிலத்தில் ஏன் ஷாம்பிள்ஸ் என்கிறார்கள், அதை எங்கே பயன்படுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த சொல் இது. இன்றைக்கு அலங்கோலம், குளறுபடி என்று பொருள். பிறந்தபோது அது ஒரு முக்காலி.

லத்தீனில் சின்ன பெஞ்சுக்கு ஸ்காமெல்லும் என்று பெயர். அது பழைய ஆங்கிலத்துக்குப் போய் முக்காலியைக் குறித்தது. ஜெர்மன்காரர்கள் இன்றும் முக்காலியை ஷெமெல் என்றுதான் சொல்கிறார்கள். அப்புறம் சாமான் பரப்பி விற்கும் மேசைக்கும் அதே பெயர் வந்தது. பிறகு, குறிப்பாக இறைச்சி விற்கும் பலகைக்கு. அப்படிப் பல பலகைகள் வரிசையாக நின்றால் கறிச்சந்தை. சொல்லின் கடைசியில் ஒட்டியிருக்கும் பன்மை அங்கிருந்து வந்ததுதான். 1611-இல் வந்த ஆங்கில பைபிளில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் இந்தச் சொல் வருகிறது. அங்கே அதற்கு இறைச்சிச் சந்தை என்று மட்டும்தான் பொருள்.

இங்கிலாந்தின் யார்க் நகரில் ஷாம்பிள்ஸ் என்றே ஒரு குறுகலான தெரு இருக்கிறது. ஒரு காலத்தில் கசாப்புக்காரர்களின் தெரு. சில கடைகளின் முகப்பில் கறி தொங்கவிட்ட கொக்கிகளும், ஜன்னலுக்குக் கீழே இறைச்சியை எடுத்து வைத்த அகலமான பலகைகளும் இன்னும் இருக்கின்றன. நீங்கள் கேட்ட சொல் அந்தப் பலகைதான்.

சந்தையைக் குறித்த சொல் கசாப்புக்கூடத்துக்கும், அங்கிருந்து ரத்தக்களரியான எந்த இடத்துக்கும் ஆகிவந்தது. 20-ஆம் நூற்றாண்டில் ரத்தம் மறைந்து அலங்கோலம் மட்டும் மிஞ்சியது. நம் களேபரமும் இப்படித்தான். வடமொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு உடம்பு, பிணம் என்று பொருள் இருப்பதை அகராதியில் முதன்முதலாகப் பார்த்தபோது, அந்தப் பக்கத்தை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

பயன்பாட்டில் ஒன்றைக் கவனியுங்கள். கூச்சலுக்கு இது பொருந்தாது. அமளி, ரகளை என்று சொல்ல பெட்லாம் என்ற வேறு சொல் இருக்கிறது. இழுப்பறைகள் திறந்தபடி, துணியெல்லாம் தரையில் கிடக்க, ஆளே இல்லாத அறை: அதுதான் ஷாம்பிள்ஸ். சொதப்பிய ஏற்பாட்டுக்கும் தாராளமாகச் சொல்லலாம். பார்க்கப் பன்மை மாதிரி இருந்தாலும் ஒருமையாகத்தான் வரும்: 'தி ரூம் இஸ் அ ஷாம்பிள்ஸ்'. தொட்டதெல்லாம் சொதப்பினால் ஓம்னிஷாம்பிள்ஸ். அதை 2012-இல் ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் பிரிட்டனுக்கான ஆண்டின் சொல்லாகவே அறிவித்தார்கள்.