கேண்டீனில் கெடுபிடி, ஃபிளாஸ்க்கில் கோட்டைவிடல்

கேள்வி: என் மகன் தொடக்கநிலை மூன்றில் படிக்கிறான். பள்ளி கேண்டீனில் பொரித்த கோழி வாரம் ஒரு நாள்தானாம். சோற்றில் பழுப்பரிசியைக் கலக்கிறார்கள். பாதித் தட்டை அப்படியே வைத்துவிடுகிறான். ஆனால் 'பி' போட்ட பாக்கெட் பானம் மட்டும் தாராளமாக விற்கிறது. அதிலும் சீனிதானே? பிள்ளை பசியோடு வருகிறானே என்று ஒரு ஃபிளாஸ்க் நிறைய டின் பால் (சீனி சேர்த்துக் கெட்டியாக்கிய பால்) ஊற்றிய மைலோவும் ஒரு பாக்கெட் சிப்ஸும் கொடுத்தனுப்புகிறேன். இந்தத் தரக் கட்டுப்பாடெல்லாம் வெறும் கண்துடைப்பா?
— ஒரு தாய், உட்லண்ட்ஸ்

பதில்: கண்துடைப்பு இல்லை. 'பி'யைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். உங்கள் ஃபிளாஸ்க்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அதை நான் கேட்கிறேன்.

முதலில் அந்த எழுத்து. பானத்தின் சீனியையும் கொழுப்பையும் பார்த்து 'ஏ' முதல் 'டி' வரை எழுத்துப் போடும் சிங்கப்பூரின் நியூட்ரி-கிரேட் குறியீடு பாக்கெட், டின், போத்தல் பானங்களுக்கு 2022 டிசம்பர் 30-இல் வந்தது. கடையில் கலக்கிக் கொடுக்கும் பானங்களுக்கு அடுத்த ஆண்டு அதே தேதியில். 100 மில்லிலிட்டரில் சீனி 1 கிராமைத் தாண்டாமல், இனிப்பூட்டியும் சேர்க்காமல் இருந்தால் 'ஏ'. 5 கிராம் வரை 'பி', 10 வரை 'சி', அதற்கு மேல் போனால் 'டி'. நிறைவுற்ற கொழுப்புக்குத் தனி வரம்பு உண்டு. இரண்டில் எது மோசமோ அந்த எழுத்துதான் விழும். அதனால்தான் ஒரு துளி சீனி சேர்க்காத முழுக்கொழுப்புப் பால் 'சி' வாங்குகிறது, சீனியே இல்லாமல் இனிப்பூட்டி மட்டும் போட்ட சோடா 'பி' வாங்குகிறது. பழச்சாற்றின் இயற்கைச் சீனியும் கணக்கில் சேரும். அசல் ஆரஞ்சு ஜூஸ் 'சி'யில் நிற்பதைப் பார்த்துச் சண்டைக்கு வராதீர்கள்.

இந்த எழுத்து சொல்வது 100 மில்லியில் என்ன இருக்கிறது என்பதை மட்டும்தான். பிள்ளை எவ்வளவு குடித்தான் என்று அதற்குத் தெரியாது. 5 சதவீதச் சீனி உள்ள 250 மில்லி பாக்கெட்டில் 12.5 கிராம் இருக்கும், அதாவது இரண்டரை தேக்கரண்டி. அதே பானம் 500 மில்லி போத்தலில் வந்தால் 25 கிராம், ஐந்து தேக்கரண்டி. இரண்டிலும் அதே 'பி'தான்! ஒரு நாளைய சக்தியில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே சேர்க்கப்பட்ட சீனியிலிருந்து வர வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது 40 கிராம். ஒரு பெரிய போத்தலே அதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். எழுத்துக்கு அருகே சீனிச் சதவீதம் அச்சிட்டிருக்கும். அதை மில்லியால் பெருக்கி நூறால் வகுத்தால் கிராம் கிடைத்துவிடும். எளிய கணக்குதான், மகனையே போடச் சொல்லுங்கள்.

கட்டுப்பாடு வேலை செய்ததா என்றால், செய்தது. இங்கே விற்கும் பாக்கெட் பானங்களின் இடைநிலைச் சீனி அளவு 2017-இல் 7.1 சதவீதம், 2023-இல் 4.6. 'சி', 'டி' முத்திரை தங்கள் பானத்தின் மேல் விழக்கூடாது என்று நிறுவனங்கள் செய்முறையையே மாற்றின. 'டி' பானத்துக்கு விளம்பரமும் கிடையாது என்றானபின் வேறு வழி?

இனி ஃபிளாஸ்க். இரண்டு மேசைக்கரண்டி டின் பால் என்பது ஏறக்குறைய 40 கிராம். பாலின் சொந்த லாக்டோஸை விட்டுவிட்டாலும் (நியூட்ரி-கிரேட்டும் அதை விட்டுவிடுகிறது) அதில் 18 கிராம் அளவுக்குச் சேர்த்த சீனி இருக்கும். உங்கள் ஃபிளாஸ்க் 350 மில்லி என்றால் 5.1 சதவீதம். மைலோ மாவைப் போடும் முன்பே 'சி'! மாவிலும் சீனி உண்டு. கேண்டீனில் விற்கும் 'பி'யைப் பார்த்துக் கொதிக்கிறீர்கள், பையில் 'சி'யை வைத்து அனுப்புகிறீர்கள். டின் பாலை ஒரே நாளில் நிறுத்தினால் மைலோ தொட்டிக்குத்தான் போகும். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள், அந்த இடத்தில் குறைகொழுப்புப் பாலை ஊற்றுங்கள். இன்னொன்று: பலர் வாய் சுடுமே என்று ஆறவைத்து, வெதுவெதுப்பாக ஊற்றி மூடுகிறார்கள். 5 முதல் 60 டிகிரிக்குள் கிருமி பெருகும். பால் பானம் அந்தச் சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் கிடக்கக்கூடாது. நல்ல சூட்டில் ஊற்றுங்கள், இல்லையென்றால் குளிரவைத்து அனுப்புங்கள். மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவுங்கள், புளித்த வாடை அங்கிருந்துதான் வரும்.

சிப்ஸ் விஷயம் இன்னும் மோசம், ஏனென்றால் அதற்கு எழுத்தே கிடையாது. 2027 நடுவில் நியூட்ரி-கிரேட் விரிவடையும்போதுகூட உப்பு, சாஸ், மசாலா வகைகள், உடனடி நூடல்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவைதான் சேர்கின்றன. சிப்ஸும் முறுக்கும் தப்பித்துவிடும். பாக்கெட்டின் பின்புற அட்டவணையில் 'ஒரு பரிமாறல்' 20 கிராம் என்றிருக்கும். பாக்கெட்டோ 60 கிராம். பையன் முழுசையும் காலி செய்வான். அங்கே போட்டிருக்கும் சோடியத்தை மூன்றால் பெருக்குங்கள்.

பசிக்குக் காரணம் பொரித்த கோழி இல்லாதது அல்ல. அரை மணி நேர இடைவேளை, அதில் பாதி வரிசையில் நிற்பதிலேயே போகிறது. அதற்குப்பின் வீடு வரும்வரை மூன்று நான்கு மணி நேரம். பல பள்ளிகளில் வகுப்பிலேயே சிறு தீனி நேரம் உண்டு. சிந்தாத, ஒழுகாத பொருள்தான் அங்கே செல்லும்: வாழைப்பழம், சுருட்டிய சப்பாத்தி, நன்றாக நீர் வடித்த கொண்டைக்கடலைச் சுண்டல். நிலக்கடலை வேண்டாம், பக்கத்து மேசைப் பிள்ளைக்கு ஒவ்வாமை இருக்கலாம்.

பழுப்பரிசிக்கு வருவோம். பள்ளி உணவுத் திட்டம் கேட்பது 20 சதவீதம் முழுதானியம், அதாவது நாலு பங்கு வெள்ளை அரிசிக்கு ஒரு பங்கு பழுப்பு. பிள்ளைகள் ஒதுக்குவது பெரும்பாலும் ருசிக்காக இல்லை, நறுக்கு நறுக்கென்று பல்லில் படுவதற்காக. இரண்டையும் சேர்த்து ஒரே தண்ணீரில் வைத்தால் வெள்ளை குழையும், பழுப்பு வேகாது. பழுப்பரிசியை மட்டும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் தனியாக ஊறவைத்து, அதற்குக் கொஞ்சம் கூடுதல் தண்ணீர் விட்டு, பிறகு கலந்து வைக்க வேண்டும். கேண்டீன் கடைக்காரரிடம் கோபிக்காமல் இதைச் சொல்லிப் பாருங்கள். அதற்கு முன் உங்கள் வீட்டுக் குக்கரில் இதே நாலுக்கு ஒன்று கணக்கில் இரண்டு வாரம் வைத்து, மகன் தட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள்.