மே மாதத்துக்கு முன் முடிக்க வேண்டியவை

கேள்வி: அமெரிக்கக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இடைவெளி விடாமல் மருத்துவப் பள்ளியில் சேர வேண்டும். எப்போது தயாராக வேண்டும்?

பதில்: இப்போதே. பெரும்பாலான மருத்துவப் பள்ளிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும். அம்மாதக் கடைசி வாக்கில் சமர்ப்பிக்கலாம். பல பள்ளிகள் விண்ணப்பம் வர வர நேர்காணலுக்கு அழைப்பதால் தாமதம் உங்களுக்குத்தான் நஷ்டம். மருத்துவப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வான எம்கேட்டை ஏப்ரலுக்குள் எழுதிவிடுங்கள். மதிப்பெண் வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

பலர் சறுக்குவது பாடப் பட்டியலில்தான். படித்த ஒவ்வொரு கல்லூரியின் மதிப்பெண் சான்றிதழையும் பக்கத்தில் வைத்து, பாட எண், கிரெடிட், கிரேடு மூன்றையும் அதில் உள்ளபடியே நிரப்புங்கள். நினைவிலிருந்து எழுதினால் பிழை வரும். பிழை மிகுந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். திரும்பப் படித்த பாடமென்றால் பழைய கிரேடையும் சேர்த்தே காட்ட வேண்டும், சராசரியில் இரண்டும் சேரும். இந்தப் பட்டியலைச் சான்றிதழோடு ஒப்பிட்டு ஆம்காஸ் செய்யும் சரிபார்ப்பு, நெரிசலான மாதங்களில் பல வாரம் இழுக்கும். பரிந்துரைக் கடிதமோ எம்கேட் மதிப்பெண்ணோ வராவிட்டாலும் சரிபார்ப்பு நிற்காது, அவற்றுக்காகக் காத்திருக்காதீர்கள்.

விண்ணப்பத்தில், பாடத்துக்கு வெளியே நீங்கள் செய்த செயல்பாடுகளுக்கு 15 இடம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்து. எல்லாவற்றையும் நிரப்பியே தீர வேண்டியதில்லை. ‘நோயாளிகளுக்கு உதவினேன்’ என்பது எதையும் சொல்லாது. ‘வாரம் 4 மணி நேரம், எக்ஸ்ரே அறைக்கு நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்றேன், காத்திருக்கும்போது அவர்கள் பயத்தைக் கேட்டேன்’ என்றால் உங்கள் முகம் தெரியும்.