யார் பெயரைப் போடுவது? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் இயற்பியலில் பிஎச்.டி. செய்கிறேன். நான்காவது வருடம். படிக வளர்ப்புதான் என் வேலை. இரண்டரை வருடம் வளர்த்து, அளந்து, முதல் கட்டுரையை இப்போதுதான் எழுதி முடித்தேன். நெறியாளரிடம் கொடுத்தபோது இரண்டு பெயர்களைச் சேர்க்கச் சொன்னார். ஒருவர் எங்கள் துறைத்தலைவர். இன்னொருவர் வேறு கல்லூரியில் இருக்கும் அவருடைய நண்பர், நான் பார்த்ததுகூட இல்லை. "அவர் ஸ்காலர் பேப்பர்ல நம்ம பேர் வரும்மா" என்றார். சினாப்சிஸ், அதாவது ஆய்வேட்டுக்கு முன் கொடுக்கும் சுருக்கம், நெருங்குவதால், பணம் கட்டினால் மூன்றே நாளில் போட்டுவிடும் ஒரு ஜர்னலை சீனியர் அக்கா காட்டினார். எல்லாரும் செய்வதுதான் என்கிறார்கள்.

என் நெறியாளர் கெட்டவர் இல்லை. சாம்பிளை அளக்க அனுப்ப என்னிடம் பணம் இல்லாதபோது ஒருமுறை தன் கையிலிருந்து கட்டினார். அவர் சொல்லை மறுப்பது நன்றிகெட்டதனம் போலத் தோன்றுகிறது. டேட்டா முழுக்க உண்மையானது. கூட இரண்டு பெயர் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனாலும் மனசு ஒப்பவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் மனசு ஒப்பாதது சரி. நஷ்டம் யாருக்கு என்று கேட்கிறீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நானும் படிகம் வளர்த்தவன்தான். எம்.ஃபில். காலத்தில், பீக்கரின் வாயைத் துளையிட்ட தாளால் மூடிவைத்து, தினமும் காலையில் போய் அடியில் ஏதாவது மின்னுகிறதா என்று பார்ப்பேன். ஆறு வாரம் காத்திருந்து, தேன்கூட்டு அறை அளவுக்கு ஒன்று கிடைத்த நாளில் சாப்பிடவே மறந்துபோனேன். அந்த அளவீடுகளை வைத்து எழுதிய கட்டுரையில் முதல் பெயராக வந்தவர் அந்த பீக்கரைப் பார்த்ததே இல்லை. அச்சில் வந்ததே போதும் என்று அப்போது சந்தோஷப்பட்டேன். இரண்டு வருடம் கழித்து வடநாட்டிலிருந்து ஒரு மாணவர், அட்டவணையில் ஒரு மதிப்பு தனக்கு ஒத்துவரவில்லை என்று அந்த முதல் பெயருக்குக் கடிதம் எழுதினார். அது பல மாதம் மேசையில் கிடந்து, பிறகு என் கைக்கு வந்தது. எடுத்துப் பார்த்தால் தவறு என்னுடையது. வெப்பநிலை வரிசையை ஒரு வரி கீழே தள்ளி டைப் செய்திருக்கிறேன். கட்டுரையில் நான்கு பெயர்கள். என்னைத் தவிர ஒருவரும் அந்த அட்டவணையைப் படித்திருக்கவில்லை. ஜர்னலுக்குத் திருத்தம் அனுப்பலாம் என்றேன். "சின்ன விஷயத்துக்குப் பேரைக் கெடுத்துக்க வேண்டாம்" என்று பதில் வந்தது. அந்தத் தவறு இன்றைக்கும் அச்சில் அப்படியே இருக்கிறது. அந்த மாணவர் தன் படிகத்தின் மேல் எத்தனை நாள் சந்தேகப்பட்டாரோ, அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

கட்டுரையில் பெயர் போடுவது ஜாமீன் கையெழுத்து போடுவது மாதிரி. கடன் வாங்கியவர் காணாமல் போனால் ஜாமீன்தாரர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். படிக்காத பத்திரத்துக்கு ஜாமீன் போட்டவர் கதவைத் திறந்து என்ன சொல்ல முடியும்?

இது பெரிய அளவில் நடந்ததும் உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹென்ட்ரிக் ஷோன் என்ற இளம் இயற்பியலாளர் இருந்தார். கரிமப் படிகங்களில் டிரான்சிஸ்டர், ஒற்றை மூலக்கூறு அளவில் டிரான்சிஸ்டர் என்று எழுதித் தள்ளினார். 2001-இல் சராசரியாக எட்டு நாளுக்கு ஒரு கட்டுரை. நோபல் வரைக்கும் பேச்சு போனது. உலகம் முழுக்கப் பல ஆய்வகங்கள் அதையே செய்துபார்க்க முயன்று, வரவில்லையே என்று தங்களைத் தாங்களே நொந்துகொண்டன. கடைசியில் அவரைக் காட்டிக்கொடுத்தது இரைச்சல். எந்தக் கருவியிலும் அளவீட்டின் மேல் ஒரு சிறு நடுக்கம் இருக்கும். அது ஒருமுறை வந்தது போல மறுமுறை வராது. அவருடைய வெவ்வேறு கட்டுரைகளில், வெவ்வேறு பொருட்களின் வரைபடங்களில், அந்த நடுக்கம் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தது. 2002 செப்டம்பரில் விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. 24 புகார்களில் 16 நிரூபணமாயின. லேப் நோட்டு எங்கே என்று கேட்டால் இல்லை. மூல டேட்டா எங்கே என்றால், கணினியில் இடமில்லை, அழித்துவிட்டேன் என்றார்.

அவரோடு பெயர் போட்டிருந்த ஏறத்தாழ 20 பேர் மோசடி செய்யவில்லை என்று குழு சொன்னது. ஆனால் மூத்தவர்கள் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டார்களா என்பது அன்றைக்குப் பெரிய விவாதமாயிற்று. கூட இருந்தவர்களில் ஒருவர் மூல டேட்டாவைக் காட்டு என்று உட்கார்ந்திருந்தால், அத்தனை ஆய்வகங்களில் அத்தனை மாணவர்களின் வருடங்கள் மிஞ்சியிருக்கும்.

உங்கள் டேட்டா உண்மையானது, தெரியும். ஆனால் கட்டுரையைத் திறக்கும் ஒருவர் நான்கு பெயரைப் பார்த்தால், நான்கு பேர் இதைச் சரிபார்த்திருக்கிறார்கள் என்று நம்புவார். அந்த நம்பிக்கையைத்தான் பொய்யாக்கச் சொல்கிறார்கள்.

இதற்கு எழுதிவைத்த அளவுகோல் இருக்கிறது. மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 1978-இல் கனடாவின் வான்கூவரில் கூடித் தொடங்கிய குழு ஒன்றின் நெறிகளை இன்று மற்றத் துறை இதழ்களும் பெருமளவு ஒட்டி நடக்கின்றன. ஆய்வைத் திட்டமிட்டோ டேட்டாவைத் திரட்டியோ ஆராய்ந்தோ கணிசமாகப் பங்களித்திருக்க வேண்டும். கட்டுரையை எழுதியோ கருத்து ரீதியாகத் திருத்தியோ இருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். நான்காவதை 2013-இல் சேர்த்தார்கள்: கேள்வி எழுந்தால் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும். நான்கும் சேர்ந்தால்தான் கட்டுரையின் ஆசிரியர். வெறும் மேற்பார்வையோ பணம் ஏற்பாடு செய்ததோ மட்டும் போதாது, அவர்களுக்கு நன்றியுரை இருக்கிறது. உங்கள் நெறியாளர் பிரச்சினையைத் தேர்ந்துகொடுத்து, வரைவைத் திருத்தி, பதில் சொல்லவும் தயாராக இருந்தால் அவர் பெயர் அங்கே இருக்கத்தான் வேண்டும், அதை விட்டுவிடுவதும் தவறுதான். மற்ற இருவருக்கும் இடமில்லை.

அப்புறம், நன்றிகெட்டதனம். உங்களை உண்மையில் வாட்டுவது இதுதான் என்று நினைக்கிறேன். மாதா பிதா குரு தெய்வம் என்று வளர்ந்த நமக்கு, ஆசிரியரிடம் முடியாது என்று சொல்ல நாக்கு எழாது. ஆனால் நம் மரபு குருவுக்கு எந்த இடத்தைக் கொடுத்தது என்று பாருங்கள். நன்னூல், சிறப்புப் பாயிரத்தில், அதாவது ஒரு நூலின் முன்னுரையில், சொல்ல வேண்டியவற்றை அடுக்கும்போது முதலில் வைப்பது ஆக்கியோன் பெயர். அடுத்தது வழி, அதாவது இந்த நூல் எந்த முன்னூலின் வழியில் வருகிறது என்பது. யார் செய்தது, எங்கிருந்து எடுத்தது, இரண்டையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். சரி, அந்தப் பாயிரத்தை யார் எழுதலாம்? தன் ஆசிரியன், தன்னோடு கற்றவன், தன் மாணாக்கன், உரைகாரன். ஆசிரியருக்கு முதலிடம், ஆனால் பாயிரம் சொல்பவராக. மாணவன் செய்த நூலுக்கு அவரும் ஆக்கியோன் என்று அங்கே இல்லை. மாணவனை உலகத்துக்கு அறிமுகப்படுத்துவது அதைவிடக் குறைந்த கௌரவம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று நாள் ஜர்னல் பக்கமே போகாதீர்கள். துறை தெரிந்த இருவர் உங்கள் கட்டுரையைப் படித்து, கேள்வி எழுதி, நீங்கள் பதில் சொல்லி, திரும்பப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் மாதங்கள் ஆகும். மூன்று நாளில் யாரும் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். 2013-இல் ஜான் போஹானன் என்பவர் சயின்ஸ் இதழுக்காக ஒரு சோதனை செய்தார். பாசிக்காளானிலிருந்து புற்றுநோய் மருந்து என்று, அப்பட்டமான பிழைகளை வேண்டுமென்றே வைத்து, இல்லாத ஆட்களின் பெயரில் கட்டுரை தயாரித்து 304 இணைய இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவசரமும் உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். ஆய்வேடு கொடுக்கும் முன் ஒரு கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2016 விதி சொன்னது. 2022 விதிகளில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். சில பல்கலைக்கழகங்கள் தங்கள் அளவில் இன்னும் கேட்கின்றன. சீனியர்கள் சொல்வதை நம்பாமல், உங்கள் பல்கலைக்கழகத்தின் இப்போதைய விதியை வாங்கி நீங்களே படியுங்கள்.

இனி, எப்படிச் சொல்வது? உங்கள் சினாப்சிஸில் அவர் கையெழுத்து வேண்டும். இடையில் நெறியாளரை மாற்றுவது எத்தனை வருடத்தைத் தின்னும் என்று எனக்குத் தெரியும். அதனால் எதிர்த்து நில்லுங்கள் என்று வெளியிலிருந்து சுலபமாகச் சொல்ல மாட்டேன். நல்ல ஜர்னல் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பல இதழ்கள் இப்போது ஒவ்வொரு ஆசிரியரும் என்ன செய்தார் என்று தனித்தனியாக எழுதித்தரச் சொல்கின்றன. அந்தப் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு போய், "சார், எச்.ஓ.டி. சாருக்கும் உங்க ஃப்ரெண்டுக்கும் இதுல என்ன எழுதட்டும்?" என்று கேளுங்கள். கேள்வியாகவே கேளுங்கள், தனியாக இருக்கும்போது. கெட்டவர் இல்லை என்கிறீர்களே, அப்படிப்பட்டவருக்கு அந்தக் காலிக் கட்டமே போதும். சமர்ப்பித்ததும் எல்லா ஆசிரியர்களுக்கும் மின்னஞ்சல் போகும், சந்தேகம் வந்தால் அவர்களையும் கேட்பார்கள் என்பதையும் சொல்லுங்கள். அவருடைய பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான் அது.

அவர் கோபப்பட்டால், பிடிவாதமாக நின்றால், எனக்கு மறுபடி எழுதுங்கள். அதுவரை இரண்டு வேலை செய்யுங்கள். மூல டேட்டாவையும் தேதி போட்ட லேப் நோட்டையும் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். அப்புறம், நன்றியுரையை இப்போதே எழுதிவிடுங்கள். துறைத்தலைவர் ஆய்வக வசதி தந்திருந்தால் அதற்கு ஒரு வரி. நெறியாளரின் உதவிக்கு உரிய இடம் ஆய்வேட்டின் நன்றியுரை. பணமில்லாத நாளில் அவர் தன் கையிலிருந்து கட்டி உங்கள் சாம்பிளை அனுப்பியதை, எந்த அளவீட்டுக்கு என்பது உட்பட, அங்கே எழுதி அவரிடம் படித்துக் காட்டுங்கள்.