1200 மி.மீ. அச்சுக்கு டி8 ஸ்க்ரூ வேண்டாம்

சிஎன்சி இயந்திரத்தில் (கணினி இயக்கும் வெட்டு இயந்திரம்) 1200 மி.மீ. நீள அச்சுக்கு, அதாவது ஒரு நகர்வுத் திசைக்கு, டி8 லீட் ஸ்க்ரூவும் (8 மி.மீ. திருகுக் கம்பி), 3 ஆம்பியர் நெமா 23 ஸ்டெப்பர் மோட்டாருக்கு (படிப்படியாகச் சுற்றும் மோட்டார்) ஏ4988 டிரைவரும் (மோட்டாருக்கு மின்னோட்டம் தரும் சர்க்யூட்) போதுமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டுமே போதாது.

8 மி.மீ. கம்பி அந்த நீளத்தில் வேகமாகச் சுற்றினால் சாட்டை மாதிரி ஆடும். மோட்டாரைப் பெரிதாக்கினாலும் அது நிற்காது. 1610 பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகு) போடுங்கள்: விட்டம் 16 மி.மீ., ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. நகர்வு. நிமிடத்துக்கு 3000 மி.மீ. ஓட 300 சுற்று போதும். ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் 1605 என்றால் 600 வேண்டும். ஸ்டெப்பருக்கு வேகம் கூடக்கூட இழுக்கும் பலம் குறையும், அதனால்தான் சொல்கிறேன். மேலும் கீழும் நகரும் இசட் அச்சுக்கு 1605 சரி. ஆனால் மின்சாரம் போனால் ஸ்பிண்டில் (வெட்டும் கருவியைச் சுழற்றும் பகுதி) தன் எடையிலேயே இறங்கலாம், கவனம்.

ஏ4988 அதிகபட்சம் 2 ஆம்பியர்தான், அதுவும் நன்றாகக் குளிர்வித்தால். டிஎம்542 டிரைவர் வாங்கி 36 வோல்ட் கொடுங்கள். அப்புறம், மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றாதீர்கள். நான் ஒரு டிரைவரை அப்படித்தான் எரித்தேன்.