40,000 ரூபாயும் கறித்தூளும்

வணக்கம் அண்ணா,

களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம், ஊருக்குள் கதையாகிவிடும். கணவர் மேசன் வேலை. மழை தொடங்கினால் வேலை இல்லை. இரண்டு பிள்ளைகள். சீட்டு எடுத்த காசு 40,000 ரூபாய் கையில் இருக்கிறது. அம்மா வறுத்து அரைக்கும் கறித்தூளை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிப் போவார்கள். அதையே பைக்கற்றில் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கலாம் என்று எனக்கு ஆசை. அத்தானோ, "கறித்தூளில் என்ன மிஞ்சும்? குழு லோன் ஒன்றை எடுத்து ரோட்டோரம் பான்சிக் கடை போடு" என்கிறார். இந்தக் காசு காணுமா? லோன் எடுக்கலாமா? பைக்கற்றுக்கு என்ன பெயர் வைக்கலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சிக்கு,

காணும். ஆனால் காணுமா என்பதைவிட, போட்ட காசு எத்தனை நாளில் உங்கள் கைக்குத் திரும்பி வரும் என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

என் அம்மா கல்லடியில் இடியப்பம் அவித்து விற்றவர். பின்னேரம் மாவுக்கும் தேங்காய்க்கும் கொடுத்த காசு மறுநாள் காலை எட்டு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடும். மாதத்தில் இருபத்தைந்து தடவை அதே காசு கிறுகிக் கிறுகி வரும். அடுக்களையில் இரண்டு தகரப் பேணி வைத்திருந்தார், ஒன்று மாக்காசு, மற்றது வீட்டுக்காசு. அப்பா சுருட்டுக்குக் காசு கேட்டால் வீட்டுப் பேணியைத்தான் காட்டுவார். அது காலியாக இருந்தால் அப்பாவுக்குச் சுருட்டு இல்லை. நாங்களே இடியப்பம் சாப்பிட்டாலும் வீட்டுப் பேணியிலிருந்து மாப்பேணிக்குக் காசு மாறும். சின்ன வயதில் எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது.

பான்சிக் கடையில் இது நடக்காது. தலைக்கிளிப் பன்னிரண்டு வாங்கினால் எட்டு விற்கும், நாலு தூசி பிடிக்கும். லாபம் அந்த நாலுக்குள் இருக்கும். வருடப் பிறப்புக்கும் தைப்பொங்கலுக்கும் சனம் வரும், மற்ற நாளில் வாடகையும் கரண்ட் பில்லும்தான் வரும். கையில் நிறையக் காசு வைத்திருப்பவர் காத்திருக்கலாம். உங்கள் 40,000 காத்திருக்காது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 2012இல் மட்டக்களப்புப் பட்டணத்தில் நானும் ஒரு கடை போட்டேன். கொப்பி, பேனை, போட்டோகொப்பி. மெசினுக்குக் கடன் வாங்கினேன். எல்லாரும் தெரிந்தவர்கள், "தம்பி, சம்பளம் வந்ததும் தாறன்" என்பார்கள். முகத்தை முறிக்க முடியவில்லை. பதினான்கு மாதத்தில் கடையை மூடிய அன்று கல்லாவில் 2,300 ரூபாய் இருந்தது, கடன் கொப்பியில் 86,000. அதில் பாதிப்பேர் இன்றும் சந்தையில் என்னைக் கண்டால் சுகம் விசாரிக்கிறார்கள். நல்ல மனிதர்கள்தான்.

சரி, லோன். குழு லோன்காரர் வட்டியை எப்படிச் சொல்வார் என்று பாருங்கள். 50,000 தருகிறார், வாரம் 1,250 வீதம் 48 வாரம் கட்டு என்கிறார். மொத்தம் 60,000. "20 சதவீதம்தானே" என்று தோன்றும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே நீங்கள் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறீர்கள். ஆறு மாதம் போகும்போது உங்கள் கையில் இருப்பது ஏறத்தாழ பாதிக் கடன்தான். வட்டியோ முழுக் கடனுக்கும் போட்டது. சரியாகக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்குச் சுமார் 40 சதவீதம் வருகிறது. அதோடு ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும். கடன்காரரைவிடப் பக்கத்து வீட்டு அக்காவின் முகம்தான் அப்போது பெரிய தண்டனை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் கட்ட முடியாமல் போன ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்வதாக அறிவிக்கும் அளவுக்கு இந்த விஷயம் முற்றியிருந்தது. நுண்கடன் என்பது இப்படிப்பட்ட சின்ன லோன்தான்.

நுண்கடன் என்றதும், ஏழைகளுக்குக் கடன் கொடுக்கும் கிராமீன் வங்கியைத் தொடங்கிய வங்காளதேசத்து முகம்மது யூனுஸ் பெயரைச் சொல்வார்கள். அவர் 1976இல் ஜோப்ரா என்ற கிராமத்தில் 42 பேருக்குக் கொடுத்தது மொத்தமாக 27 டொலர். ஆனால் அவர் கண்ட பெண் ஏற்கெனவே மூங்கில் முக்காலி பின்னி விற்றுக்கொண்டிருந்தாள். மூங்கில் வாங்கக் கடன் கொடுத்த தரகரே முக்காலியையும் அடிமட்ட விலைக்கு வாங்கிக்கொண்டான். அங்கே தொழிலும் இருந்தது, வாங்க ஆளும் இருந்தது. தரகரின் பிடியிலிருந்து வெளியே வரத்தான் காசு தேவைப்பட்டது. இன்னும் என்ன விற்பது என்று தெரியாதவர் கையில் அதே கடன் வேறு வேலை செய்கிறது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் ஒரு தொண்டு நிறுவனம் ஒரே ஒழுங்கையில் பதினொரு வீட்டுக்குத் தையல் மெசின் கொடுத்தது. நல்ல மெசின்தான். பதினொரு பேரும் தைத்தால் யார் தைக்கக் கொடுப்பது? கொஞ்ச நாளில் மெசின் மேல் டிவி இருந்தது. உங்கள் அம்மாவின் தூளை ஆட்கள் தேடி வந்து வாங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களிடம் இருக்கிற பெரிய முதல் அதுதான். ஆகவே கறித்தூளையே பிடியுங்கள், லோன் வேண்டாம்.

கடைகளுக்குப் போடுவதில்தான் எனக்குப் பயம். கடைக்காரர் சரக்கை வாங்கி வைத்துக்கொள்வார், அடுத்த முறை போகும்போது பழைய பில்லுக்குக் காசு தருவார், பாதி தருவார், அல்லது "தங்கச்சி, அடுத்த கிழமை பார்ப்பம்" என்பார். ஒரு பைக்கற்று செய்ய உங்களுக்கு 75 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கடைக்கு முப்பது முப்பதாகப் போட்டால் 22,500 ரூபாய் ஊரார் ராக்கையில் உட்கார்ந்திருக்கும். உங்கள் முதலில் பாதிக்கு மேல்! அடுத்த மூட்டை செத்தல் மிளகாய் எதைக் கொண்டு வாங்குவது? அதனால் முதல் மூன்று மாதம் வீடுகளுக்கும், கைக்காசு தருகிற இரண்டே கடைக்கும் மட்டும் கொடுங்கள். மற்றக் கடைக்காரர் கேட்டால் சரக்கு முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள். பொய்தான், பரவாயில்லை.

40,000ஐயும் இறக்கவும் வேண்டாம். 15,000க்குச் செத்தல், மல்லி, சீரகம், மிளகு, பையும் சின்னக் கைச் சீலரும். அரைக்கும் மெசின் வாங்காதீர்கள், மில் இருக்கிறது. ஆனால் காலையில் முதல் ஆளாகப் போங்கள், இல்லாவிட்டால் முன்னால் அரைத்தவரின் அரிசிமாவும் உங்கள் தூளோடு வரும். காம்பைக் கிள்ளி, காயவைத்து, வறுத்து அரைத்தால் ஒரு கிலோ செத்தல் ஒரு கிலோ தூளாக வராது. எவ்வளவு குறைகிறது என்று நிறுத்துப் பார்த்த பிறகு விலை போடுங்கள். மில் கூலி, விறகு, ஓட்டோக் காசு, உங்கள் இருவரின் கூலி எல்லாம் அதற்குள் வர வேண்டும். அம்மாவின் கூலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்கள் சேருங்கள்.

அரைத்த தூளைச் சூட்டோடு கட்டினால் பைக்குள் வேர்த்துக் கட்டி பிடிக்கும், பூஞ்சணம் வரும். விரித்து ஆறவிட்டுக் கட்டுங்கள். கார்த்திகையிலிருந்து தை வரை நம் பக்கம் மழை. அப்போது செத்தல் காயாது, கணவருக்கும் வேலை இருக்காது. புரட்டாசிக்குள்ளேயே அந்த மூன்று மாதத்துக்கு வேண்டிய செத்தலை வாங்கிக் காயவைத்து, காற்றுப் போகாத வாளியில் மூடிவிடுங்கள். கையில் மிச்சமிருக்கும் 25,000 அதற்குத்தான். மாசி, பங்குனியில் நெல் வெள்ளாமை வெட்டினால் வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் காசு புழங்கும். அந்த மாதங்களில் மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வரலாம்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) ஒளிக்காமல் நீங்களே போய்ச் சமையல் இடத்தைக் காட்டுங்கள். லேபலில் என்னென்ன வர வேண்டும் என்று அவரே சொல்வார்: பொருளின் பெயர், சேர்மானம், நிறை, செய்த திகதி, முடியும் திகதி, தொகுதி இலக்கம், உங்கள் முகவரி. வண்ண லேபல் ஆயிரம் அடிக்கும் ஆசை வரும். பொறுங்கள், விலை மாறினால் அத்தனையும் குப்பை.

பெயர் கேட்டிருந்தீர்கள். அக்கம்பக்கத்தார் இப்போது எப்படிச் சொல்லி வாங்குகிறார்கள்? "இன்னார் அக்காட தூள்" என்றுதானே? அம்மாவின் பெயரையே வையுங்கள். அத்தானோடு சண்டை வேண்டாம், முதல் பைக்கற்றை அவருக்கே விற்றுவிடுங்கள்.

அடுத்த மாதம் களுவாஞ்சிக்குடிப் பக்கம் வருவேன். எனக்குக் கால் கிலோ எடுத்து வையுங்கள். கைக்காசுதான் தருவேன், கொப்பியில் எழுத விடாதீர்கள்.

அன்புடன்,
அண்ணன்